பால் பத்தலையாம்ல!

ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் சரியா இருக்கு, வீட்டுக்கு வந்தா ஒன்பது மாசப் பையன். இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே பல மாசம் ஆச்சு. ஆனா இன்னிக்கு இதை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

நேத்து ராத்திரி கூடப் படிச்ச தோழி ஃபோன் பண்ணினா. பொண்ணு பொறந்து எழுபது நாள் ஆகுது. எடுத்ததுமே அழுகை. "பால் பத்தலையாம்டி. எல்லாரும் சொல்றாங்க. முந்தாநாள்லேர்ந்து டப்பாப் பால் ஆரம்பிச்சாச்சு."

யாருடி அந்த எல்லாரும்? பட்டியல் போட்டா. மாமியார், பெரிய நாத்தனார், குழந்தையைப் பாக்க வந்த சித்தி, தெருமுனையில பூ விக்கிற அம்மா. எடை பாத்தியான்னு கேட்டேன். தடுப்பூசிக்குப் போனப்ப பாத்தாங்களாம், எவ்ளோன்னு ஞாபகம் இல்லையாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா? எட்டு, ஒன்பது இருக்குமாம். அப்புறம் எதை வெச்சுத்தான் பத்தலைன்னு முடிவு பண்ணினீங்க? "சாயங்காலம் ஆனா அழுகுறா. இப்பத்தான் குடிச்சா, அரை மணி நேரத்துல திரும்பக் கேக்குறா."

இவ்ளோதாங்க ஆதாரம். பொறந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும் நெறைய குழந்தைங்க சாயங்காலம் ஆனா இப்படித்தான், விட்டு விட்டுக் குடிச்சிட்டே இருக்கும், அழும். ஒரு புரொடக்‌ஷன் சர்வரை இந்த மாதிரி ஆதாரத்தை வெச்சு நிறுத்தினா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. ஒரு அம்மாவோட பாலை மட்டும் பூக்கார அம்மா வரைக்கும் யார் வேணா நிறுத்தலாம்.

இதுல உள்ள விஷமம் என்னன்னா, அந்த வார்த்தை தன்னைத்தானே உண்மையாக்கிக்கும். பால் சுரக்கிறது குழந்தை குடிக்கிறதைப் பொறுத்தது. குடிச்சுக் காலி பண்ணினா திரும்ப ஊறும், தேங்கினா உடம்பு உற்பத்தியைக் குறைச்சுக்கும். இப்ப "பத்தலை"ன்னு ஒருத்தர் சொல்றாங்க, ஒரு பாட்டில் குடுக்குறோம், வயிறு நிறைஞ்ச குழந்தை ஒரு வேளை அம்மாகிட்ட வர்றதில்ல. உடம்பு கணக்கைக் குறைக்குது. அடுத்த வாரம் நிஜமாவே குறையுது. சொன்னவங்க, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஜெயிச்சிடுறாங்க. நம்ம பாஷையில சொன்னா இது ஃபீட்பேக் லூப். கோட் எழுதுறவங்களுக்கே இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆகும், எழுபது நாளா தூங்காதவளுக்கு எப்படிங்க தெரியும்?

எனக்கும் இதே கதைதான். பையன் பொறந்தப்ப 2.9 கிலோ. நாலாவது மாசம் ராஜபாளையத்துல அம்மா வீட்டுல இருக்கேன். பேரனைப் பாக்க அத்தை (அதாவது மாமியார்) வந்திருந்தாங்க. தூக்கிப் பாத்துட்டு, "என்னம்மா புள்ள வத்தலா இருக்கான், பால் பத்தல போல. நாலு மாசம் ஆயிடுச்சில்ல, கேப்பையைப் பால் எடுத்துக் காய்ச்சிக் குடு"ன்னாங்க. திண்ணையில உக்காந்திருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. எதிர் வீட்டுப் பையனும் அதே மாசத்துல பொறந்தவன்தான், எட்டு கிலோ, மடிப்பு மடிப்பா கையும் காலும். என் பையனைப் பக்கத்துல வெச்சா அவனோட தம்பி மாதிரி இருப்பான்.

அன்னிக்கு ராத்திரி நான் அழுதது எனக்குத்தான் தெரியும். ரங்கமணிக்கு ஃபோன் பண்ணினா, "கூகுள்ல பாரேன்"னு ஒரு பதில். கர்ர்ர்ர்.

மறுநாள் அம்மா தெருமுனை அங்கன்வாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டீச்சர் தொங்குற தராசுல துணித் தூளியில பையனைப் போட்டாங்க. 6.2 கிலோ. தாய் சேய் நல அட்டையை வாங்கி ஒரு புள்ளி வெச்சாங்க. பொறந்த எடைப் புள்ளியிலேர்ந்து கோடு இழுத்து என்கிட்ட காமிச்சு, "கோடு மாறலையே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டாங்க.

நாலே வார்த்தை. இஞ்சினியரிங் படிச்ச எனக்கு இது தோணலைங்கிறதுதான் வெட்கக்கேடு. நாலு மாசத்துல ஆண் குழந்தையோட நடுத்தர எடை 7 கிலோ. ஆனா பொறக்கும்போது நடுத்தரம் 3.3, இவன் 2.9. கீழ ஒரு கோட்டுல ஆரம்பிச்சான், அதே கோட்டு மேலயே 6.2-க்கு வந்திருக்கான். எதிர் வீட்டுப் பையன் வேற கோடு. எல்லாக் குழந்தையும் நடுத்தரத்துல இருந்தா அதுக்குப் பேரு நடுத்தரமே இல்ல.

கோடு நிஜமாவே கீழ இறங்கினா, எடை ஏறலைன்னா, ஒண்ணுக்குப் போறது ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் கீழ போனா, குடிக்கக்கூடத் தெம்பில்லாம சோர்ந்து கிடந்தா, அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். நிஜமாவே பால் குறைவா இருக்குற அம்மாக்களும் உண்டு, டப்பாப் பால் அவங்க குழந்தைங்களைக் காப்பாத்துது. அவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அளக்காம சொல்றவங்களைத்தான் சொல்றேன்.

இந்த எடைச் சார்ட்டுக்கே ஒரு கதை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் பல வருஷமா எல்லா நாட்டுக்கும் பரிந்துரைச்சது 1977-ல வந்த ஒரு அமெரிக்க சார்ட். அதுல கைக்குழந்தைகளுக்கான கணக்கு ஒஹையோ மாநிலத்துல ஒரு சின்ன வட்டாரத்துக் குழந்தைங்களை அளந்து எடுத்தது, அதுலயும் பெரும்பாலும் பாட்டில் பால் குடிச்ச குழந்தைங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை முதல் ரெண்டு மூணு மாசம் நல்லா ஏறும், அப்புறம் பாட்டில் குழந்தையை விட மெதுவாத்தான் ஏறும். அதாவது ஆரோக்கியமா இருக்குற குழந்தையே அந்த சார்ட்ல நாலாவது மாசவாக்குல சரியிற மாதிரி தெரியும். டெஸ்ட் டேட்டாவே தப்பு! அப்புறம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல தாய்ப்பால் குடிச்சு வளர்ந்த குழந்தைங்களை அளந்து (நம்மூர்ல டெல்லிக் குழந்தைங்க) 2006-ல புது சார்ட் விட்டாங்க. அங்கன்வாடி டீச்சர் எனக்குக் காமிச்சது அதுதான்.

இது தெரிஞ்சதும் அத்தை மேல இருந்த கோபம் பாதி போச்சு. ஏன்னா "நாலு மாசத்துல கூழ்" அவங்க கற்பனை இல்ல. ரங்கமணி பொறந்தது 1995-ல. அப்ப உலக சுகாதார நிறுவனமே நாலுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள இணை உணவு ஆரம்பிக்கலாம்னுதான் சொல்லிட்டிருந்தது. ஆறு மாசம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும்னு ஆனது 2001-ல. நம்ம நாட்டுல குழந்தைப் பால் மாவு விளம்பரத்தைத் தடுக்க 1992-ல ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துலயே குழந்தை உணவுன்னா நாலு மாசத்துக்கு அப்புறம் குடுக்குறதுன்னுதான் எழுதியிருந்தது, 2003-ல திருத்தம் கொண்டுவந்து ஆறு மாசம் ஆக்கினாங்க. ஆக, அத்தை அன்னிக்கு டாக்டர் சொன்னதை, சட்டத்துலயே இருந்ததை அப்படியே பத்திரமா வெச்சிருந்து எனக்குச் சொல்லியிருக்காங்க. வெர்ஷன்தான் பழசு. "பாட்டிங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கிண்டலடிக்கிற என் வயசு அதிமேதாவிங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அந்தச் சட்டம் விளம்பரத்துக்குத் தடை போட்டது. நம்ம வாய்க்கு யாரும் தடை போடல. கம்பெனிக்காரன் பைசா செலவில்லாம நம்ம சித்தியும் நாத்தனாரும் வேலை பாக்குறாங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது. ஆனா ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைங்கள்ல தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது 55 சதவீதம், இந்திய சராசரி 64. டாக்டர், நர்ஸ் எல்லாரையும் தாண்டி வந்த பிறகு வீட்டுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதுக்கு இதை விட வேற என்ன சொல்ல?

வீட்டை மட்டும் சொன்னா எப்படி? ஆபீஸ் இருக்கே. 2017-ல சட்டத்தைத் திருத்தி பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா எனக்கு ரத்த அழுத்தம்னு பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னாடியே லீவு எடுக்க வேண்டியதாப் போச்சு. மீதி 20 வாரம். பையனுக்கு நாலரை மாசம் இருக்கும்போது ஓ.எம்.ஆர். பக்கம் திரும்பப் பொட்டி தட்ட வந்தாச்சு. ஆறு மாசக் கணக்கு எங்க, நாலரை எங்க?

பம்ப்பும் ஐஸ் பையுமா போனேன். எங்க உக்காந்து எடுக்குறதுன்னு எச்.ஆர்.கிட்ட கேட்டா அவங்களுக்கே தெரியல. கடைசியில பழைய மானிட்டர் அடுக்கி வெச்சிருந்த ஸ்டோர் ரூம் சாவியைக் குடுத்தாங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, காலால கதவை முட்டுக்குடுத்துக்கிட்டு உக்காரணும். தமிழ்நாட்டுல பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை திறந்தது 2015-ல. பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்துல அது இல்ல.

பம்ப்லயும் அதே அளவுத் தப்பு வரும். முதல் நாள் எனக்கு வந்தது 50 மில்லி. "இவ்ளோதானா, அப்ப பத்தலைதான் போல"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் மூணாவது மாடி அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது, மெஷின் உறிஞ்சுறது வேற, குழந்தை குடிக்கிறது வேறன்னு. குழந்தை அளவுக்கு எந்த மோட்டாரும் எடுக்காது, அதுவும் காலால கதவைப் பிடிச்சிட்டு உக்காந்தா சுத்தமா வராது. எடுத்த பாலை வெளியில நாலு மணி நேரம் வெக்கலாம்னு போட்டிருக்கே, அது 25 டிகிரி வரைக்கும்தான், மே மாசச் சென்னைக்கு இல்லன்னு சொன்னதும் அவங்கதான். சாயங்காலம் அப்பார்ட்மெண்ட் பெஞ்சுல அம்மாக்கள் கூடிப் பேசுறதை ஆம்பளைங்க "வெட்டிப் பேச்சு"ங்கிறாங்க. எனக்கு அந்த வெட்டிப் பேச்சு குடுத்ததுல பாதி எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கல. கேழ்வரகை முளைகட்டி, நிழல்ல உலர்த்தி, வறுத்து அரைக்கிறது, புது உணவை ஒவ்வொண்ணா ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுக் குடுத்துப் பாக்குறதுன்னு எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான்.

பெரிய கூத்து ஆறு மாசம் முடிஞ்சப்புறம்தான். இப்ப நிஜமாவே தாய்ப்பால் மட்டும் பத்தாது. பொறக்கும்போது குழந்தை உடம்புல சேர்த்துக் கொண்டு வந்த இரும்புச்சத்து இந்த நேரத்துல தீர ஆரம்பிக்கும், பால்ல அதுக்குத் தேவையான அளவு கிடையாது. கெட்டியான சாப்பாடு போகணும். இப்ப சொல்லணும்ல, பத்தலைன்னு? சொல்ல மாட்டாங்க! "அதான் பால் குடிக்கிறானே, அவசரம் என்ன"ம்பாங்க. இல்லைன்னா பருப்பைக் குடுக்காம பருப்புத் தண்ணி, ரசம் சோத்துல மேலாப்புல தெளிஞ்சதுன்னு ஊட்டுவாங்க. உள்ளங்கை அளவு வயித்தைத் தண்ணியால ரொப்பினா பருப்புக்கு எங்க இடம்? ஸ்பூனைச் சாய்ச்சா கடகடன்னு ஓடக் கூடாது, அந்த அளவு கெட்டி வேணும். மசிச்ச பருப்புச் சோறு, நெய், முட்டை, முருங்கைக்கீரைன்னு போகலாம். அதே ஆய்வுல, இந்தியாவுல ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல போதுமான அளவு, போதுமான வகை சாப்பாடு கிடைக்கிறது சுமார் 11 சதவீதத்துக்குத்தான். பத்தும்போது பத்தலைன்னு சொன்ன வாயெல்லாம் பத்தாதப்ப எங்கங்க போச்சு?

இதுல ஒருத்தர்கூட ரங்கமணிகிட்ட ஒரு கேள்வி கேக்கல, கவனிச்சீங்களா? பையன் வத்தலா இருந்தா என் பால் பத்தலை, கொழுகொழுன்னு இருந்தா அவங்க பரம்பரை வாகு.

ஒன்பது மாசத்துல பையன் இப்ப 8 கிலோ. அதே கோடு. பெஞ்சுல புதுசா ஒரு பாட்டி போன வாரம் தூக்கிப் பாத்துட்டு வாயைத் திறந்தாங்க. அட்டையைக் கையில எடுத்துட்டேன். "சரி சரி"ன்னுட்டாங்க :-)

தோழி இன்னிக்குக் காலையில போய் எடை பாத்துட்டு மெசேஜ் அனுப்பினா. பொறந்தப்ப 3 கிலோ, இப்ப 5 கிலோ. டப்பாவை எப்படிக் குறைக்கிறதுன்னு கேக்க நாளைக்கு டாக்டர்கிட்ட போறா. மாமியாரையும் கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: அத்தை இதைப் படிப்பாங்கன்னு தெரியும். வணக்கம் அத்தை. இன்னிக்குக் கூழ் கெட்டியாத்தான் கிண்டினேன், ரெண்டு கிண்ணம் காலி.