தற்காலிகச் சிகிச்சை நிரந்தரமாகிவிடலாமா?

1941 ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரம் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் நொறுங்கிக்கொண்டிருந்த காலம். ஹமர்ஸ்மித் மருத்துவமனையின் எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் ஆகியோர் நான்கு நோயாளர்களைப் பற்றி எழுதினர. இடிபாடுகளுள் கைகால் நசுங்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்ட அந்நால்வரும் சிறுநீர் குறைந்து, ஒரு வாரமளவில் இறந்தனர். நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம் போர் முடிந்தபின் அதே ஹமர்ஸ்மித்தை வந்தடைந்தது. சிறுநீரகம் தானாகத் தேறும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே அங்கு அப்பொறியின் பணியாக இருந்தது.

இன்று அந்நோக்கம் மங்கி வருகிறது. கடுந்தொற்றாலோ பெரும் அறுவைச் சிகிச்சையாலோ சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர், கழுத்தில் பொருத்திய குழாயோடு வீடு திரும்பி, வாரம் மும்முறை டயாலிசிஸ் நிலையத்துக்குச் செல்கிறார். அருகிலிருக்கும் நிரந்தர நோயாளர்களின் அட்டவணையே அவருக்கும் அமைந்துவிடுகிறது. இவரது சிறுநீரகம் விழித்துக்கொண்டதா என்று எவர் கேட்பது?

கண்டறியும் வழி அரியதன்று. நாளாந்தச் சிறுநீரின் அளவு கூடுவது முதல் அறிகுறி. ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் இடையில் கிரியேற்றினின் முன்போல் ஏறாதிருப்பது மற்றொன்று. ஆயினும் தசை மெலிந்தவர்க்கு அவ்வெண் ஏமாற்றக்கூடும். ஆகவே இடைநாட்களில் சிறுநீரைச் சேகரித்து, யூரியாவும் கிரியேற்றினினும் எவ்வளவு வெளியேறுகின்றன என அளப்பதே நம்பத்தக்கது. சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் வீழ்வதும், மிகையாக நீர் அகற்றப்படுவதும் தேறிவரும் சிறுநீரகத்தை மீண்டும் காயப்படுத்தும். 90 நாட்களைக் கடந்தால் நாட்பட்ட நோயென வகைப்படுத்துவது வழக்கம். அதன் பின்னரும் தேறியவர்கள் உளர்.

நம்மவரிடையே வேறொரு தடையும் உண்டு. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று தாதி வினவ, மகள் மொழிபெயர்க்க, தகப்பனார் கூச்சத்தோடு தலையசைப்பார். (சேகரிக்கும் போத்தலைக் கையில் எடுத்துச் செல்வதைச் சொல்லவே வேண்டாம்!) பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம், பலர் கோருவதில்லை.

சிறுநீர் சற்றுக் கூடியதும் சிகிச்சையைத் தாமே கைவிடுவது பேராபத்து, அம்முடிவு மருத்துவருடையது. ஆனால், கையில் நிரந்தர இரத்தக்குழாய் இணைப்புக்கு நாள் குறிக்கப்படும் முன், கடைசியாகச் சிறுநீர் அளக்கப்பட்டது எப்போது என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.