கொல்லைப்புறத்தின் மதிப்பு

வீட்டுக் கடன் கேட்டு வருவோரின் கட்டட வரைபடங்களை நாள்தோறும் பார்த்துவரும் நமக்கு ஒரு மாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது. படுக்கையறைகளின் எண்ணிக்கை கூடுகிறது. வண்டி நிறுத்துமிடம் தவறாமல் இடம்பெறுகிறது. வீட்டின் பின்புறம் மண் தரையாக விடப்படும் பகுதி மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்தச் சிறு நிலத்துக்காகவும், அங்கே நம்மோடு உலவும் பூனை என்னும் சிற்றுயிருக்காகவும் பரிந்து பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள மர்பி டவுனை எடுத்துக்கொள்வோம். 1809-இல் கண்டோன்மென்ட் உருவானதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் வட்டாரம் அது. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இடம், பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்றது. 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, காற்றும் வெளிச்சமும் குடியிருப்புக்கு இன்றியமையாதவை என்ற எண்ணம் இந்நகரின் அமைப்பில் வேரூன்றியது. எலிகளின் மீதுள்ள தெள்ளுப்பூச்சிகள் பரப்பிய நோய் அது. எனவே, நெருக்கம், எலி, திறந்தவெளி ஆகிய மூன்றும் இந்நகர வரலாற்றில் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இத்தகைய பழைய குடியிருப்புகளில் ஒரு சிறு கொல்லை போதும். ஒரு பந்தலில் அவரை, ஓரத்தில் கீரைப் பாத்தி, சுவரைப் பற்றிப் படரும் பெங்களூர்க் கத்தரிக்காய் எனக் குடும்பத்தின் காய்கறித் தேவையில் ஒரு பங்கு நிறைவேறிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரின் மிதமான வெப்பநிலையும் அதற்குத் துணை நிற்கிறது. அங்கே களை எடுப்பவரின் பின்னால் நடந்து, பாத்திகளுக்கு இடையே நிழல் தேடிப் படுத்து, குழாய் திறந்ததும் விலகி ஓடும் பூனையும் அக்கொல்லையின் ஓர் உறுப்பே. பணி ஓய்வுக்குப் பின் பகல் பொழுதைத் தனியே கழிக்கும் பெரியவர்களுக்கு அதன் துணை எவ்வளவு ஆறுதல் என்பதை, அவ்வாறு வாழ்வோர் நன்கறிவர்.

இத்துணை நேற்று ஏற்பட்டதன்று. தானியத்தை மனிதர் சேமிக்கத் தொடங்கியபோது எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகிலேயே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். நம் மொழியிலும், கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது; வெருகு என்பது பூனையினமே. குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. அதன் வேரைப் பிடுங்கினால் பூனை வந்து முகர்ந்து புரள்வதைத் தோட்டம் வைத்திருப்போர் காணலாம்.

பூனையால் பயன் உண்டா என்ற கேள்விக்கு மிகையின்றி விடை கூறுதல் நன்று. நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், பூனைகள் மிகச் சில எலிகளையே கொன்றன. ஆயினும் பூனைகள் உலவிய வேளைகளில் எலிகளின் வெளிநடமாட்டம் குறைந்தது. பெருச்சாளியைக் கண்டால் பூனையே ஒதுங்கிவிடும். எனவே எலிக்கு முற்றுப்புள்ளி வைக்கும் கருவியாக அன்று, துணையாகவே பூனையைக் கருத வேண்டும். அத்துணையை விரும்புவோர் எலி விஷத்தைக் கைவிடுவது கட்டாயம். விஷமுண்ட எலியைத் தின்னும் பூனையும் மடியக்கூடும்.

எதிர்ப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. புதிதாகக் கொத்திய பாத்தியைப் பூனை கழிப்பிடமாக்கும். அதன் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும்; கருவுற்ற பெண்களுக்கு அது தீங்கானது. ஆனால் அது மலத்தில் வெளியேறிய உடனே தொற்றும் நிலையை அடைவதில்லை. ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே மூலையில் ஒரு மணல் தொட்டி வைத்து, நாள்தோறும் அகற்றி, அதைக் காய்கறி உரக்குழியில் சேர்க்காமலிருந்தால் ஆபத்து பெரிதும் குறையும். விதைத்த பாத்தியின் மேல் கம்பி வலையோ எலுமிச்சை முட்கிளையோ பரப்பலாம். மண்ணில் வேலை செய்வோர் கையுறை அணிவதும், காய்களை நன்கு கழுவுவதும் எப்படியும் தேவையானவை. லில்லிச் செடி பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு. அவற்றில் கவனம் வேண்டும்.

பூனைக் குட்டிகள் பெருகுவது கூட்டு வட்டியைப் போன்றது. ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் ஓர் ஈற்று. பிறந்த குட்டியோ ஆறு மாதத்திற்குள்ளாகவே சினைப்படக்கூடும். கருத்தடை அறுவைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஆகும் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைப்பவரே பூனை வளர்க்கத் தகுதியுடையவர் என்பது நம் கருத்து.

இப்போது நிலத்துக்கு வருவோம். சதுர அடியின் விலை ஏறியிருக்கும் நகரில் மண்ணை வெறுமனே விடுவது இழப்பல்லவா என்று கேட்போர் உண்டு. கேள்வி பொருளற்றதன்று; வாடகை வருவாயை நம்பியுள்ள குடும்பங்களும் உள்ளன. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் திறந்தவெளியாகக் காட்டிய இடத்தை மூடிக் கட்டினால், பின்னாளில் வீட்டை விற்கும்போதும் கடன் பெறும்போதும் அவ்விதிமீறலே தடையாக எழக்கூடும். மேலும், 2024 கோடையில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டதை நாம் மறக்கலாகாது. சிமென்ட் பூசிய முற்றத்தில் விழும் மழை சாக்கடைக்கே போகும். மண்ணில் விழுவதே நிலத்தடியைச் சேரும்.

பழைய வீடு இடிக்கப்படும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. குடும்பம் வேறிடம் பெயர்கிறது. பூனையோ இடிபாட்டைச் சுற்றி வருகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்துக்கு முன்பே, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த உயிருக்கு நாம் பட்ட கடன் அது. சாமான்களின் பட்டியலில் முதல் வரியாகப் பூனைக்கூடை இடம்பெறட்டும்.

புதிதாக வீடு கட்டவிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. வரைபடம் தயாராகும்போதே, பத்துக்குப் பத்து அடியேனும் மண்ணாக விடுமாறு பொறியாளரிடம் சொல்லுங்கள். சொத்து மதிப்பீட்டு அறிக்கையில் அதற்கெனத் தனி வரி இராது. ஆனால் அவ்விடத்தில் காய்க்கும் அவரையும், அதன் நிழலில் உறங்கும் பூனையும், அருகே அமர்ந்திருக்கும் வீட்டுப் பெரியவரும் அதன் மதிப்பைச் சொல்வர்.