மீன் சொல்லும் சாட்சி



தூண்டில் போட்டவர் சொல்லும் மீனின் அளவை யாரும் அப்படியே நம்புவதில்லை. ஒரு முழ மீன் வீடு வந்து சேருமுன் இரண்டு முழமாகிவிடும்! ஜப்பானியர் இதற்கொரு நல்ல வழி கண்டார்கள். மீனையே சாட்சி சொல்ல வைத்தார்கள்.

இந்தக் கலைக்குக் 'கியோதாக்கு' என்று பெயர். மீனைப் பதித்தெடுப்பது என்பது பொருள். பிடித்த மீனைக் கழுவி, ஈரம் துடைத்து, புகைக்கரியால் செய்த மையைப் பூசுவார்கள். மெல்லிய கடதாசியை மேலே விரித்து விரல்களால் மெதுவாக அழுத்தி எடுத்தால் செதிலும் செட்டையும் வாலும் உள்ள அளவிலேயே பதிந்துவிடும். கண்ணை மட்டும் பின்னர் தூரிகையால் வரைவார்கள். ஓரத்தில் இடம், திகதி, பிடித்தவர் பெயர், சில வேளைகளில் பார்த்தவர் பெயரும் எழுதப்படும். எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1839ஆம் ஆண்டின் அச்சாகும். இன்று டோக்கியோ எனப்படும் நகரில் பிடிபட்ட கெண்டை இன மீனின் பதிவு அது.

பெருமைக்காகச் செய்தவை பிற்காலத்தில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டன. மீன்பிடிச் சாமான் கடைகளிலும் நூதனசாலைகளிலும் இருந்த 261 அச்சுகளை ஆராய்ந்து, 2020இல் விஞ்ஞானிகள் கட்டுரை வெளியிட்டனர். எந்த மீன் எந்த நீரில் எப்போது வாழ்ந்தது என்பதற்கு அவை ஆதாரமாயின. அவற்றுள் 'இத்தோ' எனும் மீனும் உண்டு. ஒரு மீற்றருக்கு மேலும் வளரும் இம்மீன் ஹொக்கைடோ ஆறுகளில் தாராளமாக வாழ்ந்தது. அணைகள் வழிமறித்தன, ஆறுகள் நேராக்கப்பட்டன, கரைக்காடுகள் வெட்டப்பட்டன. முட்டையிட இடமின்றி அது அருகிப்போனது.

இழப்பு ஒரே நாளில் வருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறையும்போது, குறைந்ததே வழக்கம் என்று நமக்குப் பழகிவிடுகிறது. பிள்ளைகளோ முன்பிருந்ததை அறியவே மாட்டார்கள். அந்த மறதிக்கு மருந்து, திகதியிட்ட ஒரு துண்டுக் கடதாசி.

அச்சு மீனைக் காப்பாற்றாது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்டும். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு முற்றத்து இலைகளில் சாயம் பூசிக் கொப்பியில் பதித்துப் பாருங்கள். மரத்தின் பெயரையும் இடத்தையும் திகதியையும் எழுத மறவாதீர்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட யாருக்கும் எளிதில் கை வராது.