இரத்தப் பையின் நாளும் தரமும்

காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை மீன் கொள்ள வரும் தாய்மாரைக் காணாதார் நம் மாணவருள் மிகச் சிலரேயாவர். நேற்றிரவு பிடித்த மீன் என்று விற்பவர் எத்துணை முறை கூறினும் அவர்கள் அச்சொல்லை ஏற்பதில்லை. செவுளைத் திறந்து நிறம் பார்ப்பர். சதையை விரலால் அமுக்குவர். அதன் பின்னரே விலை பேசுவர். நோயாளியின் உடலிற் செலுத்தும் இரத்தத்திற்கோ, உறையின்மேல் எழுதிய நாளையே நாம் சான்றாகக் கொள்ளுகிறோம். இஃது ஆராயத்தக்கது.

பிற சோதனைகள் இல்லையென்று யாம் கூறவில்லை. இரத்த வகை பார்க்கப்படுகிறது. எய்ட்ஸ், இருவகை மஞ்சட்காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தும் உண்டா எனத் தேர்ந்தறியப்படுகின்றன. ஆயின் பையினுள் இருக்கும் செவ்வணுக்கள் உயிர்ப்புடன் உள்ளனவா என்பதை ஒவ்வொரு பையிலும் அளப்பார் உலகில் எங்கும் இலர். 2 முதல் 6 பாகை வெப்பத்தில் வைத்தால், சேர்க்கும் மருந்துநீருக்கு ஏற்ப 35 நாள் அல்லது 42 நாள் வரை கொடுக்கலாம் என்பதே விதி. இந்நாட்கணக்கு எவ்வாறு பிறந்தது? சேமித்த அணுக்களை அடையாளமிட்டுத் தொண்டர்களின் உடலிற் செலுத்தி, 24 மணி நேரத்திற்குப் பின் சராசரியாக நூற்றுக்கு 75 எஞ்சியிருந்தால் போதும் எனக் கொண்டனர். பையிலேயே சிதையும் அணுக்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 1, ஐரோப்பாவில் 0.8 என்ற அளவைத் தாண்டலாகாது.

ஆகவே நாள் என்பது சராசரியே. ஒருவர் தந்த இரத்தம் ஆறு வாரமும் நன்கு தாங்கும். மற்றொருவருடையது அதே பெட்டியில் முன்னரே சிதையத் தொடங்கும். தட்டுப்போன்ற அணு நாளடைவில் முட்கள் முளைத்தாற்போல் உருமாறும்; உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். பார்வைக்கோ இரண்டு பைகளும் ஒன்றே!

"புது இரத்தமே வேண்டும்" என்று உறவினர் மன்றாடுவதை ஆஸ்பத்திரி வாயில்களிற் கேட்டிருக்கிறோம். அவர்தம் அச்சம் இயற்கையே. எனினும் 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நான்கு நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. மிகப் புதிய இரத்தம் பெற்றாருக்கும், வழக்கம்போற் சேமித்ததைப் பெற்றாருக்கும் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் கொண்டு நாம் கவலையற்றிருக்கலாமோ? அந்தப் பைகள் குளிர் குன்றாது காக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

நம் பகுதியின் நிலை யாது? பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் இராயபுரத்து ஆர். எஸ். ஆர். எம். மகப்பேற்று ஆஸ்பத்திரியும் அருகருகே நிற்கின்றன. துறைமுகத்திலும் ஆலைகளிலும் அடிபட்டோருக்கும், பிரசவத்தில் உதிரம் பெருகிய தாய்மாருக்கும் இரத்தம் உடனே வேண்டும். ஒரு பை எண்ணூருக்கோ திருவொற்றியூருக்கோ செல்லவேண்டின், சித்திரை வெயிலில் சரக்கு லாரிகளின் வரிசையிடையே செல்லவேண்டும். குளிர்ப்பெட்டியினின்று வெளியே 30 நிமிடத்திற்கு மேலிருந்த பையைத் திரும்பச் சேர்க்கலாகாது என்பது பொதுவிதி. வழியிற் கழிந்த அந்நிமிடங்களை உறை சொல்லாது.

அணுச்சிதைவை அளப்பது அரிய வித்தையன்று. சிறிது இரத்தத்தைச் சுழற்றி, அணுக்கள் படிந்தபின் மேலே நிற்கும் நீரில் எவ்வளவு செம்பொருள் கரைந்துள்ளதென ஒளிமானியால் காணலாம். நம் இரசாயன மாணவர் அறிந்த முறையே. நாள் கடந்து எறியப்படும் பைகளிற் சிலவற்றையேனும் ஒவ்வொரு வங்கியும் இவ்வாறு அளந்து, முடிவை வெளியிட வேண்டுமென்பது எம் கருத்து. செலவு மிகும் என்பர் சிலர். அந்தப் பைகளை எறிவதும் செலவேயன்றோ?

நம் கலாசாலையில் ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடைபெறுகிறது. கை நீட்டிப் படுத்து, பிஸ்கோத்தும் பழரசமும் உண்டு எழுந்ததும் நம் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். அடுத்த முகாமுக்கு வரும் வங்கியாரிடம், குளிர்ப்பெட்டியின் வெப்பப் பதிவேட்டையும் அணுச்சிதைவுக் கணக்கையும் காட்டுமாறு மாணவர் மரியாதையுடன் கேட்பாராக.