கதிர்காமரின் வாதமும் குமுதினியின் சாட்சியமும்

கடந்த 2025ஆம் ஆண்டு மே 15உடன் குமுதினிப் படகுப் படுகொலைக்கு 40 ஆண்டுகள் நிறைவடைந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 12உடன் முன்னாள் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டு 20 ஆண்டுகள். முதலாவதை நெடுந்தீவின் துயரமாகவும் மற்றையதைக் கொழும்பின் துயரமாகவும் பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். எங்களுக்காக உலகத்தோடு பேசுவது யார் என்ற கேள்வி வரும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கதிர்காமர் மானிப்பாய்க் குடும்பத்தில் வந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் படித்து, ஒக்ஸ்போர்ட் யூனியன் தலைவராகவும் இருந்தவர். தென்வியட்நாமில் பௌத்தர்கள் மீதான ஒடுக்குமுறையை 1963இல் சர்வதேச மன்னிப்புச் சபைக்காக விசாரித்த சட்டத்தரணியும் அவரே. வெளியாரின் அறிக்கை ஓர் அரசை எவ்வளவு சங்கடப்படுத்தும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

1985 மே 15 அன்று மாவிலித்துறையில் இருந்து குறிகட்டுவான் நோக்கிப் புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றவர்கள் கடற்படையினரே என்பது உயிர்தப்பியோரின் சாட்சியம். குழந்தைகள் உட்பட 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகத் தீவு மக்கள் நினைவுகூருகின்றனர். மன்னிப்புச் சபை இதனை அரசிடம் எழுப்பியது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அப்போது கதிர்காமர் ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்து அமைப்பில் உயர் அதிகாரியாக இருந்தார்.

அவரது அரசியல் 1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலுடன் தொடங்குகிறது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், யாழ். மாவட்டத்தில் வாக்களிப்பு பெரும்பாலும் தீவகத்திலேயே நடந்தது. சுமார் 10,000 வாக்குகளுடன் ஈ.பி.டி.பி.யினர் 9 ஆசனங்களைப் பெற்றனர். அதே நாடாளுமன்றத்துக்குக் கதிர்காமர் பொதுஜன ஐக்கிய முன்னணியின் தேசியப்பட்டியலில் வந்து வெளிவிவகார அமைச்சரானார். தீவகத்தின் வாக்கு ஒரு மாவட்டத்தையே நிரப்பிற்று. உலகத்தின் முன் தமிழராக நின்று பேசியவருக்கோ ஒரு தமிழ் வாக்கும் தேவைப்படவில்லை.

அந்த இடைவெளி விரைவிலேயே வெளிப்பட்டது. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த 100க்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர். அதை உலகுக்குச் சொன்ன செஞ்சிலுவைச் சங்கத்தைக் கதிர்காமர் கண்டித்தார். நவாலி, மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர். வாக்குக் கேட்டு அந்த ஒழுங்கைகளுக்குப் போக வேண்டியிருந்தால் அவர் அப்படிச் செய்திருப்பாரா?

அவருடைய நிலைப்பாட்டுக்கு இரண்டு பாதிகள் இருந்தன. புலிகளை உலகம் தடைசெய்ய வேண்டும் என்பது ஒன்று. தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வேண்டும் என்ற சந்திரிகா அரசின் திட்டம் மற்றையது. முதற்பாதி நிறைவேறியது: 1997இல் அமெரிக்காவும் 2001இல் பிரித்தானியாவும் தடைசெய்தன. இரண்டாம் பாதி 2000 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தோடு நின்றுபோனது. வெளியே வென்ற வாதத்துக்கு உள்ளே கொடுக்கவேண்டிய விலையைத் தெற்கு கொடுக்கவில்லை. அதைக் கேட்டுப் பெறும் பலமும் அவருக்கு இருக்கவில்லை. 2004இல் பிரதமர் பதவிக்கு ஜே.வி.பி. அவர் பெயரை முன்வைத்தபோதும் அது மகிந்த ராஜபக்சவிடமே போனது.

2005இல் அவர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள் மறுத்தனர், உலகம் அவர்களையே குற்றஞ்சாட்டியது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தடைவிதித்தது. ஒருவரின் வாதத்தோடு உடன்படாதவர்களும் இதை மறக்கக் கூடாது. அந்தக் கொலை அவரை மௌனிக்க வைத்தது, அவருடைய வாதத்தை அல்ல. அதன் அரசியல் விலையைத் தமிழ் மக்களே சுமந்தார்கள்.

கதிர்காமர் விட்டுச்சென்ற பேச்சுமுறை இன்றும் தொடர்கிறது. ஆட்சிகள் மாறினாலும் வெளிப் பொறிமுறை வேண்டாம், உள்நாட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்பதே ஜெனீவாவில் கொழும்பின் பதில். அதற்கு எதிரே வைக்கத் தமிழரிடம் இருப்பவை திறமையான பேச்சாளர்கள் மட்டுமல்ல, சாட்சியங்களும்தான். குமுதினியில் உயிர்தப்பிய குழந்தைகளுக்கே இப்போது 40 வயதைத் தாண்டிவிட்டது. அன்று பெரியவர்களாக இருந்த பலர் இல்லை. அவர்கள் கண்டதைச் சட்டத்தில் நிற்கும் வடிவில் பதிவுசெய்வது நினைவேந்தலுக்கு விளக்கேற்றுவதைப் போலவே அவசரமானது. தமிழ் மக்களின் வாக்கில் நாடாளுமன்றம் போயிருக்கும் சட்டத்தரணிகளிடம் நெடுந்தீவு கேட்கவேண்டிய முதல் வேலை அதுதான்.