மாத்திரை எண்ணுற வேலையா?

போன மாதம் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் என் மாமா பொண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆன்ட்டி கேட்டார்: "பார்மசியா படிக்கிற? ஏம்மா, மெடிசின் கிடைக்கலையா?" அவள் சிரித்துச் சமாளித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷம் முன்னால் என் அக்கா பையன், இரண்டு வயசு, சாமி ரூமிலிருந்து கற்பூரத்தை எடுத்து மென்றுவிட்டான். அம்மா அவனை வாந்தி எடுக்க வைக்க உப்புத்தண்ணி கரைத்தார். நான் 1-800-222-1222க்கு அடித்தேன். அமெரிக்கா முழுக்க விஷக் கட்டுப்பாட்டு மையத்துக்கு இந்த ஒரே நம்பர்தான். ராத்திரி பகல் எப்போதும் ஆள் இருக்கும். எடுத்தவர் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். பையன் எடை என்ன, எத்தனை கட்டி, எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் போன் பண்ணி எல்லாம் சொல்லியிருந்தார். கற்பூரம் உள்ளே போனால் சில நிமிஷத்திலேயே குழந்தைக்கு வலிப்பு வரலாம். அந்த நேரம் வாந்தியும் வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தினமும் கற்பூரம் ஏற்றும் வீட்டில் எங்கள் யாருக்கும் இது தெரியாது. பயல் பிழைத்தான்.

இந்த வேலைக்கு அடிபோட்டவர்களில் ஒருவரே பார்மசிஸ்ட்தான். சிகாகோவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்த லூயிஸ் கடால்மன், எந்தப் பொருளில் என்ன விஷம், என்ன சிகிச்சை என்று அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்தார். 1953இல் அமெரிக்காவின் முதல் மையம் அந்த ஊரில்தான் வந்தது. இன்று வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பேர் விஷயத்தில் இந்த மையங்கள் உதவுகின்றன. பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டிலேயே சரியாகிறார்கள். 2012இல் துணி துவைக்கும் சோப்பு பாக்கெட்டுகளை மிட்டாய் என்று குழந்தைகள் கடித்தபோது, முதலில் எச்சரித்ததும் இவர்கள்தான். அப்புறம்தான் டப்பாக்கள் மாறின.

ஆன்ட்டி, இதுவா மாத்திரை எண்ணுற வேலை? நைட் ஷிப்ட் உண்டு, சம்பளம் என் கன்சல்டிங் அளவுக்கு இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதும் கோடு உடைந்தால் ஒரு மேனேஜர் கத்துவார், அவ்வளவுதான்.

மாமா பொண்ணு இப்போது அந்த மையம் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் இன்னும் "எம்.டி.க்கு மாறலாமே" என்கிறார்கள்.

நீங்கள் போனை எடுத்து நம்பரைச் சேமியுங்கள். கனடா 1-844-764-7669, ஆஸ்திரேலியா 13 11 26, இங்கிலாந்து 111. வலிப்போ மயக்கமோ வந்துவிட்டால் இது வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ். கற்பூர டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றுங்கள், இன்றைக்கே.