“ஆர்” ஆருக்கு?

கலைப்பீடப் பிள்ளை ஒன்று லப்டொப்பில் கோட் எழுதினால் எங்கட சனத்துக்கு உடனே ஒரு கேள்வி வந்துவிடும்: “ஐடிக்கு மாறப் போறீங்களோ?” எழுதுவது “ஆர்” மொழி என்றால் இன்னும் மோசம். “அது புள்ளிவிபரக்காரருக்கெல்லோ” என்று கதையையே முடித்துவிடுவார்கள். நான் சொல்ல வாறது இதற்கு நேரெதிர். கொழும்பில் இருந்து தமிழில் ஆய்வு செய்கிற கலைப்பீட மாணவருக்குத்தான் ஆர் முதலில் தேவை. அதுவும் புள்ளிவிபரத்துக்காக இல்லை.

ஆர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1976 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸும் அவரோடு இருந்தவர்களும் “எஸ்” என்ற மொழியைத் தொடங்கினார்கள். பாவிக்கிறவர் தன்னை ஒரு புரோகிராமர் என்று நினைக்காமலே தொடங்க வேண்டும், தேவை கூடக்கூடத் தானாகவே அதற்குள் இறங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். பிறகு நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு விரிவுரையாளர்கள் தங்கட வகுப்புக்காக அதே பாணியில் ஆர் மொழியைச் செய்தார்கள். 1995 இலிருந்து அது இலவசம். ஆக, இது புரோகிராமர் அல்லாதவருக்காக, வகுப்பறைக்காகப் பிறந்த சாமான். எங்களை வாசலில் மறிப்பது மொழி இல்லை, எங்கட ஆட்கள்தான்.

சரி, அன்றாடப் பிரச்சினை ஒன்றை எடுப்போம். கோயில் மலர், நினைவு மலர், சங்க அறிக்கை என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வருடக்கணக்காக டைப் செய்த கோப்புகளில் எத்தனையோ பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி வெறும் முகமூடி. திரையில் “தமிழ்” என்று தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்தக் கோப்பில் “தமிழ்” என்று யுனிகோட்டில் தேடினால் ஒன்றும் வராது. எங்கட சமூகத்தின் ஒரு தலைமுறை எழுத்து தேட முடியாத நிலையில் கிடக்குது.

இதை ஆரில் மாற்றலாம். இரண்டு நிரல் கொண்ட ஓர் அட்டவணை போதும்: இடப்பக்கம் பாமினி, வலப்பக்கம் யுனிகோட். நீளமான சேர்க்கையை முதலில் வைத்து வரிசைப்படுத்தி, “ஜிசப்” என்ற கட்டளையால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். கோட் சில வரிதான், அட்டவணையை டைப் செய்யத்தான் பொழுது போகும். ஏன் நீளமானது முதலில்? பாமினியில் “கொ” என்பது கொம்பு, ககரம், அரவு என்று கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் இருக்கும். யுனிகோட்டிலோ ககரம்தான் முதலில் வரவேண்டும். துண்டுதுண்டாக மாற்றினால் கொம்பு அந்தரத்தில் தொங்கும். தமிழ் எழுத்து எப்படிச் சேருது என்று தெரிந்தவருக்குத்தான் இது விளங்கும். அது ஆர்? தமிழ் படிக்கிற பிள்ளைதான்.

இதைவிடப் பொல்லாத பிரச்சினை ஒன்று இருக்கு. யுனிகோட்டில் “கொ” வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் அரவும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உங்கட கேள்விக்கொத்தில் பாதிப் பேரின் “கொட்டாஞ்சேனை” ஒரு விதமாகவும் மிச்சம் மற்ற விதமாகவும் பதிவாகியிருந்தால், ஆர் எண்ணும்போது கொட்டாஞ்சேனை இரண்டு ஊராக வரும். “ஸ்ட்ரிங்கி” என்ற பொதியில் இரண்டையும் ஒன்றாக்க ஒரே ஒரு கட்டளை இருக்கு. ஒரு வரி வேலை. அந்த வரி தெரியாமல் போட்ட சதவீதமெல்லாம் பிழை.

“அதுக்குத்தான் சட்ஜிபிடி இருக்கே” என்பார்கள். இருக்கட்டும். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு சொல் உள்ளே வேறு என்று தெரியாதவர் அதனிடம் என்னத்தைக் கேட்பார்? அது தந்த கோட் சரியா என்று எதை வைத்துப் பார்ப்பார்?

“எக்செல் போதும்” என்பது அடுத்த வாதம். எக்செல்லில் கையால் திருத்தினால் என்ன திருத்தினோம் என்பதற்குச் சுவடு மிஞ்சாது. 2010 இல் ரைன்ஹார்ட், ரொகோஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள், கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டினால் நாட்டின் வளர்ச்சி விழும் என்று எழுதினார்கள். அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொல்லி அரசியல்வாதிகள் பேசினார்கள். 2013 இல் தோமஸ் ஹேண்டன் என்ற பட்டப்பின் படிப்பு மாணவர், வகுப்பு அசைன்மென்ட் ஒன்றுக்காக அவர்களின் எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த இடத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டுக் கிடந்தன. வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது –0.1 என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது. கோப்பு கைக்கு வந்தபடியால்தான் பிழை பிடிபட்டது. 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் நிறுத்திய நாட்டில் படிக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

பிழை எங்கட பக்கமும் இல்லாமல் இல்லை. ஆனால் கற்பிக்கிற விதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஆர் படிக்கப் போனால் முதலில் கிடைப்பது என்ன? 1936 இல் பிஷர் வெளியிட்ட 150 ஐரிஸ் பூக்கள். அது முடிய 1974 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வந்த 32 கார்கள். காலி வீதியில் 155 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைக்கு அந்தக் காரின் குதிரைவலுவால் என்ன பிரயோசனம்?

கேட்பது இரண்டே இரண்டு. முதல் வகுப்பில் பூவை விட்டிட்டு ஒரு பாமினிக் கோப்பைத் தாருங்கள். கடைசி வருட ஆய்வோடு, தரவை எப்படித் திருத்தினோம் என்ற கோட்டையும் கட்டாயம் கேளுங்கள். காசு செலவில்லை, புதுக் கட்டடம் தேவையில்லை.

பாமினிக்குள் கிடக்கிற எழுத்தை வெளியே எடுக்க ஒக்லண்டில் இருந்து ஒருவரும் வரமாட்டார். கணினிப் பீடத்துக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. மிஞ்சுவது நாங்கள்தான். ஆர் ஆருக்கு என்று இனி ஆரும் கேட்டால், எங்களுக்கு என்று சொல்லுங்கள்.